பதினேழாம் எண் மூடி

என் அக்கா வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவர். இருபத்திரண்டு வருடமாக, விடிந்தும் விடியாததுமாக ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

நான் அதே வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் திரை பார்க்கிறவள். குழாய்களில் சென்சார் வைத்த பிறகு, எந்த வால்வு எப்போது திறந்தது என்று நிமிடத்துக்கு நிமிடம் வந்து பிளாக்செயினில் ஏறிவிடும். அதாவது, ஒரே பதிவு ஒன்பது அலுவலகக் கணினிகளில் ஒன்றாகப் போய் உட்காரும். அப்புறம் கடவுளே வந்தாலும் அழிக்க முடியாது. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பதிவுதான் அத்தானுக்கு வேட்டு வைத்தது. பதினேழாம் வால்வை ஐந்தரைக்கும் பதினெட்டாம் வால்வை எட்டுக்கும் திறக்க வேண்டும். நாற்பது நாளாக அவர் தலைகீழாகத் திறந்தாராம். வியாழக்கிழமை விசாரணை. வேலையே போகலாம்.

"வழியில எங்கயாவது உட்கார்ந்துட்டீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"நீயுமா?" என்றார் அத்தான். அதற்கு மேல் சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், நல்லா யோசிங்க. அங்க எதையாவது மாத்தினீங்களா?"

"எதை மாத்தப்போறேன்? அந்த ரெண்டு வால்வுக் குழி மூடியத்தான் ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போட்டேன். பதினேழு பள்ளிக்கூட வாசல்ல இருக்கு, மூடி விரிசல். பதினெட்டு முட்டுச்சந்துல, ஆள் நடமாட்டமே கிடையாது."

"அத்தான்! நம்பர் மூடியிலதானே இருக்கு!"

"இருந்தா என்ன? எனக்கு வால்வு தெரியாதா?"

அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு, நாற்பது நாள் முன்பு சென்சார் பொருத்த வந்தவர்களுக்கு? மூடியிலிருந்த எண்ணைப் பார்த்துப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்! அவரை நாலு சாத்து சாத்தலாமா, கட்டிக்கொண்டு குதிக்கலாமா என்றிருந்தது.

விசாரணை எங்கள் கட்டுப்பாட்டு அறையிலேயே நடந்தது; விசாரிக்க வந்த பொறியாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் படபடவென்று கொட்டினேன். சிரித்தே பார்த்திராத முகம். "இப்பவே திறந்து காட்டச் சொல்லுங்க" என்றார்.

அத்தான் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினார். போனில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "ஒரு சுத்து... ரெண்டு..."

திரையில் பதினேழு அசையவில்லை. மூன்றாம் சுற்றில் பதினெட்டு விறுவிறுவென்று ஏறியது!

"ஏறுது அத்தான், ஏறுது!" நான் கத்திய கத்தலில் மாடி வராண்டாவிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொறியாளர் அம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இரண்டு எண்களையும் மாற்றி வைத்து நாற்பது நாள் பதிவையும் மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் தவறலையே இவர்!"

பழையதை அழிக்க முடியாது. கீழே திருத்தம்தான் சேர்க்கலாம். என்ன காரணம் எழுதட்டும் என்று, திரும்பி வந்த அத்தானைக் கேட்டேன்.

"பசங்க கால் மாட்டிக்கக் கூடாதுன்னு மூடிய மாத்தினேன், சொல்லாம விட்டது என் தப்புன்னு போடு."

அப்படியே தட்டினேன். ஒன்பது அலுவலகத்திலும் ஏறியது.

"இதையும் யாரும் அழிக்க முடியாதா?" என்றார்.

"முடியவே முடியாது."

"அப்ப அந்த நாற்பது நாளையும் ஒரு காகிதத்துல எடுத்துக் கொடு. உங்க அக்காகிட்டக் காட்டணும்."