வாசலில் நின்ற மூத்தவன்

சீரியலில் யார் கொலைகாரன் என்று கண்டுபிடிக்க எனக்குப் போலீஸ் மூளை தேவைப்பட்டதே இல்லை. பைபிள் போதும். வாரநாளில் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிற வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் எடுப்பேன். வருஷக்கணக்காக ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னவளுக்கு, அவை வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தால் அடையாளம் தெரியாதா? தம்பியின் ரத்தம் தோய்ந்த உடுப்பை அண்ணன்மார் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினால், தம்பி சாகவில்லை, எங்கேயோ பெரிய ஆளாகிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அது யோசேப்பு கதை. கூட்டத்தில் ஒருத்தன் மட்டும் தேடிவந்து முத்தம் கொடுத்தால் அவனை நம்பக்கூடாது, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன் செய்தது அதைத்தான். சீரியல் எழுதுகிறவர்கள் புதிதாக ஒன்றும் யோசிப்பதில்லை, பாவம்.

போன வருஷம் எங்கள் பிளாக் முழுக்க ஒரே சீரியல்தான். ராயபுரத்தில் அம்மா இருக்கிற ஹவுசிங் போர்டு வீடு இரண்டாவது மாடியில். நான் பின்தெருவில் வாழ்க்கைப்பட்டவள், சாயந்திரமானால் அங்கேதான் இருப்பேன். அம்மா கட்டிலில், நானும் பக்கத்து வீட்டு மீன்காரம்மாவும் தரையில், சின்னத் தம்பி ஜன்னல் ஓரம். கதை இதுதான். கப்பல் கம்பெனி முதலாளி ஒருவர். ஓடிப்போன இளைய மகன் பல வருஷம் கழித்து வீடு திரும்புகிறான். அன்றைக்கே பெரிய விருந்து. மறுநாள் காலையில் முதலாளி மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடக்கிறார். இளையவன் விரலில் அவருடைய மோதிரம். போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. பிளாக்கில் எல்லாரும் அவன்தான் கொன்றான், மோதிரத்தைத் திருடிவிட்டான் என்றார்கள்.

நான் ஒருத்திதான் இல்லை என்றேன். இது ஊதாரி மைந்தன் உவமை. அதில் திரும்பி வந்த மகனுக்கு அப்பாதான் மோதிரம் போடுகிறார், நல்ல உடுப்பு தருகிறார், கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். சில வாரம் கழித்து அப்பா மோதிரம் போட்டுவிடுகிற காட்சியைக் காட்டியேவிட்டார்கள்.

"இன்னாக்கா, உன்னைக் கேட்டுகினுதான் எழுதுறானா அவன்?" என்றாள் மீன்காரம்மா. அன்றைக்கு நான் மாடிப்படி இறங்கின தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதோடு நின்றிருக்கலாம். அடுத்ததையும் சொன்னேன். கொன்றது மூத்தவன். உவமையில் வயலிலிருந்து வருகிறவன், வீட்டுக்குள் பாட்டும் கூத்தும் கேட்டுக் கோபப்பட்டு, உள்ளே வரமாட்டேன் என்று வெளியே நின்றுவிடுவானே, அவன்.

இதைப் படிக்கிறபோதே, உன் வீட்டுக் கதை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டிலும் இரண்டு தம்பிகள். பெரியவன் எங்கள் நைனாவுடைய, அதாவது அப்பாவுடைய, ஃபைபர் போட்டை வைத்துக் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவன், அடுத்த பிளாக்கில் குடித்தனம். சின்னவன் நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டு காட்டுப்பள்ளிக் கப்பல்கட்டும் தளத்துக்கு வெல்டிங் வேலைக்குப் போனான். அங்கிருந்து கப்பலேறினான். போன் கிடையாது, தகவல் கிடையாது. நைனா செத்து அடக்கத்துக்குக்கூட வரவில்லை. பெரியவன் தனியாக நின்று எல்லாம் செய்தான். ஒரு நாள் சின்னவன் ஒற்றைப் பையோடு வந்து நின்றான். முட்டி வலிக்கு பாத்ரூம் போகவே முனகுகிற அம்மா, சுவரைப் பிடித்துப் பாதிப் படி இறங்கிப்போய் அவனைக் கூட்டிவந்தாள். அன்று காலை அம்மாவுக்குப் பிடிக்குமே என்று பெரியவன் கொடுத்துவிட்டுப் போன வஞ்சிரத்தைக் குழம்பு வைத்து அவனுக்குப் போட்டாள். சாயந்திரம் பெரியவன் வந்து வாசலில் நின்று பார்த்தான். தம்பி தட்டில் அந்த மீன். அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அவன் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் மீன் நிற்கவில்லை. ஏலத்துக்குப் போகுமுன் வீட்டுக் குழம்புக்கு என்று எடுத்து வைக்கிற மீனில் அம்மாவின் பங்கைத் தினமும் கொண்டுவந்து கதவுக் கொண்டியில் மாட்டுவான். உள்ளே வாடா என்று அம்மா கூப்பிட்டால் ஒரே பதில்தான்.

"காலெல்லாம் சேறு, டீசலு. வூடு கலீஜாயிடும்மா."

போட்டிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவாமல் வீட்டுக்குள் வருவதில்லை, அது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் கீழே குழாய் இருக்கிறது. நைனா கழுவின குழாய்தான். அவனுக்கா தெரியாது?

இரண்டு பேரும் தன் எதிரில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அம்மாவுக்கு வேறு ஆசை இல்லை. என்னிடம் சொன்னாள், சாமியாரிடம் சொன்னாள், மாதா சுரூபத்திடம் தினமும் சொன்னாள். நானும் சும்மா இருக்கவில்லை. நீதான்டா அந்த உவமையில் வருகிற மூத்தவன் என்று பெரியவனிடம் விளக்கமாகவே சொன்னேன். பிறகு அவன் என்னோடும் பேசுவதை நிறுத்திவிட்டான்.

கடைசி எபிசோடு அன்றைக்கு பிளாக்கே கப்சிப். விளம்பரம் வந்தபோது மீன்காரம்மா கேட்டாள்.

"நெஜமா மூத்தவன்தானாக்கா?"

"மூத்தவன்தான். எழுதி வச்சிக்கோ" என்றேன், என் வழக்கமான குரலில். அதாவது கீழ்த்தளம் வரைக்கும் கேட்கிற குரலில்.

"ஏன், அவன் இன்னா பண்ணான்?"

கேட்டது மீன்காரம்மா இல்லை. வாசலில் பெரியவன், கையில் மீன் பை.

நான் அசரவில்லை. "கோச்சிகினு வெளியவே நின்னானே" என்றேன்.

"வெளிய நின்னா கொன்னுடுவானா? அந்தக் கதையில அப்புறம் அவன் உள்ள வந்தானா, இல்லியா?"

பிள்ளைகள்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. உவமை அங்கேயே முடிந்துவிடுகிறது. அவன் உள்ளே வந்தானா என்று எழுதவில்லை. "அது சொல்லல" என்றேன்.

"அப்ப நீ மட்டும் எப்டி சொல்ற? சரி, அவனை யாரும் வந்து கூப்ட்டாங்களா?"

"அப்பாவே எழுந்து வெளிய வந்து கெஞ்சுறாரு."

"வெளிய வந்தாரா?" என்றான். "நம்ம வூட்ல யாரு வெளிய வந்தாங்கக்கா?"

பையைக் கொண்டியில் மாட்டினான். அம்மா கட்டிலிலிருந்து எழப் பார்த்தாள், முட்டி விடவில்லை. "ராசா, உள்ள வாடா" என்றாள்.

"காலெல்லாம் சேறும்மா."

அப்போது சின்னவன் எழுந்தான். பாத்ரூமுக்குப் போனான். வாளி நிறையத் தண்ணீரும் மக்குமாக வந்து, வாசலைத் தாண்டி வெளியே போய், அண்ணன் எதிரில் குந்தினான்.

"காலைக் காட்டுண்ணா."

எங்கள் கோயிலில் பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார், ஆண்டவர் சீடர்களுக்குக் கழுவின மாதிரி. நைனா வருஷம் தவறாமல் அந்தப் பன்னிரண்டில் ஒருத்தர். சாமியார் கையில் அழுக்கு படக்கூடாது என்று வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் போவார். அப்போது மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது இந்தச் சின்னவன் வேலை.

பெரியவன் நகரவே இல்லை. போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். பயமாக இருந்தது எனக்கு. பிறகு செருப்பைக் கழற்றி ஒரு காலை முன்னே வைத்தான். சின்னவன் தண்ணீர் ஊற்றி, விரலிடுக்கில் இருந்த சேற்றைக் கையாலேயே தேய்த்து எடுத்தான். தலை நிமிரவில்லை.

"நைனா சாவுக்கு நான் வரலண்ணா" என்றான்.

அதற்கு என்ன பதில் சொல்வான் என்று நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தோம். பெரியவன் கழுவின காலைப் பின்னே இழுத்துக்கொண்டான்.

"இன்னொரு காலு கீது" என்றான்.

ஆண்டவர் கால் கழுவின இடத்து வசனம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதிகாரம், எண் எல்லாம் சேர்த்து. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டு தட்டு எடுக்கப் போனேன்.

சமையல் மேடையில் இருந்தபோது மீன்காரம்மா குரல் கொடுத்தாள். "யக்கா, கொன்னது மூத்தவன் இல்லியாம். தப்பா சொல்லிட்டியே." வேறு யார் என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை தெரியாது. பெரியவன் ஈரக் காலோடு உள்ளே வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். வாசலிலிருந்து தட்டு வரைக்கும் தரையெல்லாம் தண்ணீர். நான் துணியை எடுத்தேன். அம்மா துடைக்க விடவில்லை.