இரண்டாவது மடக்கு

விளிம்பில் சின்னதாகச் சில்லுப் பெயர்ந்த ஒரு கண்ணாடிப் புனல் எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் போய்விட்டன. அதற்கு உடையவர் இருந்தவரை அவரிடம் கேட்காமல் எழுதக் கூச்சம். அவர் ஆண்டவரிடம் போன பிறகு, எழுதினால் என் குட்டும் வெளியே வருமே என்ற பயம். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது.

அவரை எல்லோரும் லேப் அண்ணன் என்றுதான் சொல்வோம். மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் லேபுக்கு உதவியாளர். அதே பள்ளியில் நான் ஆபீஸ் பியூன். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். விளாங்குடியில் இருவருக்கும் அடுத்தடுத்த தெரு, ஒரே பங்கு, ஒரே அன்பியம். அன்பியம் என்பது பங்கிலே பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கிற குழு.

காப்பிப் பைத்தியம் அவருக்குத் தவக்காலத்தில்தான் பிடித்தது. ஒரு வருடம் சாம்பல் புதனன்று, ஈஸ்டர் வரை நாற்பது நாளும் காப்பியில் பாலும் சீனியும் சேர்ப்பதில்லை என்று ஒறுத்தல் எடுத்துக்கொண்டார். கடையில் வாங்கிய சிக்கரித் தூளை வெறும் தண்ணீரில் போட்டுக் குடித்து மூன்று நாள் முகத்தைச் சுளித்தார். நாலாம் நாள், வெறுமனே குடிக்கிற மாதிரி ஒரு காப்பி எங்கேயாவது இருக்காதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். விசாரித்துப் பிடித்தவர்தான் தாண்டிக்குடி மலையில் சின்னத் தோட்டம் வைத்திருந்த ஒருவர். பூச்சிமருந்து அடிக்காமல், வேறு தோட்டத்துக் கொட்டை எதையும் கலக்காமல், தன் மண்ணில் விளைந்ததை மட்டும் காயவைத்துத் தருவார். நாங்கள் அவரை மலைக்காரர் என்போம்.

அண்ணன் பச்சைக் கொட்டையாக வாங்கி இரும்புச் சட்டியில் அவரே வறுப்பார். கையால் சுற்றுகிற மில்லில் அரைப்பார். லேப் சாமான் கடையில் புதிதாக வாங்கிய கண்ணாடிப் புனலில், வடிதாளை நாலாக மடித்துக் கூம்பாக விரித்து வைப்பார். முதலில் வெறும் சுடுதண்ணீரை ஊற்றித் தாளின் வாடையைக் கழுவி அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவார். பிறகு தூளைப் போட்டுக் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விடுவார். தூள் புஸ்ஸென்று எழும்பி அடங்கும். அது அடங்குகிறவரை யாரும் பேசக்கூடாது. அதன் பிறகு நூல் போல ஊற்றுவார். முதன்முதலாக அதைக் குடித்த என் வீட்டுக்காரி, "என்னண்ணே, ரசம் மாதிரில இருக்கு. தாளிக்க மறந்துட்டீகளா?" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டு, "ஆறட்டும்மா. ஆறினா ஆரஞ்சுத் தோலு மணக்கும்" என்றார். ஆறியதும் உண்மையிலேயே மணந்தது.

அவருக்குக் கவலை வந்துவிட்டது. ஃபாதரிடம் போய், "ஒறுத்தல்னுதான் ஃபாதர் ஆரம்பிச்சேன். இப்ப முன்னைக் காட்டியும் ருசியா இருக்கு. இது கணக்குல சேருமா?" என்று கேட்டிருக்கிறார். "அம்புட்டு ருசின்னா தனியாக் குடிக்காத. எல்லாருக்கும் ஊத்திக் குடு. அதுதான் உனக்கு ஒறுத்தல்" என்றாராம் ஃபாதர். அதிலிருந்து தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் எங்கள் அன்பியத்துக்கே அவர் கையால் காப்பி. போகப் போக எல்லாக் குடும்பமும் மலைக்காரரிடமே வருடத்துக்கு வேண்டிய கொட்டையை வாங்கத் தொடங்கியது. புது அறுவடை வந்ததும் அண்ணன் குடித்துப் பார்த்து நல்லது என்று சொன்னால் போதும்.

கொரோனா வந்து அண்ணனைப் படுக்கப் போட்டது. பிழைத்து எழுந்தார், ஆனால் மோப்பம் போய்விட்டது. என்னிடம் மட்டும் சொன்னார். "பினாயிலும் மல்லிகைப் பூவும் எனக்கு இப்ப ஒண்ணுதான் மாப்ள. வெளிய சொல்லாத. வந்துரும்." வரவில்லை. கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டும் நிறத்தைக் கண்ணால் பார்த்தும் வறுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த தவக்காலத்தில் மலைக்காரர் வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்து விளாங்குடியில் இறங்கினார், மாதிரிக் கொட்டையோடு. செடியில் வண்டு விழுந்து பாதி விளைச்சல் போன வருடம் அது. அப்படியும் அவர் மருந்து அடிக்கவில்லை. "நீங்க எடுக்கலைன்னா மொத்த வியாபாரிட்டதான் போடணும். அவுங்க எல்லாக் கொட்டையோடயும் கலந்துருவாங்க. அப்புறம் நான் மட்டும் மருந்தடிக்காம இருந்து என்னண்ணே ஆகப்போகுது?" என்றார். அண்ணன் வறுத்து, அரைத்து, வடித்து, டம்ளரை என் கையில் கொடுத்தார். "இன்னைக்கு நீ குடிச்சுச் சொல்லு மாப்ள" என்று சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னார். அவர் கண்ணில் இருந்த தவிப்பு எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு மடக்குக் குடித்தேன். நனைந்த சாக்கின் வாடை. நாலு கரண்டி சீனி போட்டுக் குடித்து வளர்ந்த நாக்கு, இதுக்கு என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு. எதிரே அந்த மனிதர் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு நினைப்பு. "நல்லா இருக்குண்ணே" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அதை நம்பி அண்ணன் நல்லது என்று சொல்ல, எல்லாக் குடும்பமும் வாங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமையே அன்பியத்தில் ஒரு அக்கா, "என்ன லேப் அண்ணே, சாக்க ஊற வச்ச தண்ணியக் குடிச்ச மாதிரி இருக்கு. இதையா நல்லா இருக்குன்னீங்க?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் எழுந்து நின்றார். "கொரோனாவுல எனக்கு மூக்கு போயிருச்சு. அதை மறைச்சு உங்கள வாங்கச் சொன்னது என் தப்பு. மலைக்காரரக் கைவிட்டுறாதீங்க. அடுத்த வருசம் ஒரு தடவ பாருங்க" என்றார். என் பெயர் அவர் வாயில் வரவில்லை. நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தலை குனிந்திருந்தேன். குளிர் காய்ந்தபடியே ஆண்டவரை மறுதலித்த பேதுருவின் ஞாபகம் வந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவரிடமே போய்ச் சொல் என்றார் ஃபாதர். போனபோது அண்ணன் புனலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் துடைக்க வாங்கினேன். சொல்லும்போது கவனம் பிசகிப் புனலைக் குழாயில் இடித்துவிட்டேன். அந்தச் சில்லு அன்றைக்குப் பெயர்ந்ததுதான். அவர் புனலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒழுகாது, விடு" என்றார். பிறகு சொன்னார்: "நீ அன்னைக்கு ரெண்டாவது மடக்குக் குடிக்கல மாப்ள. மூக்கு இல்லாட்டி என்ன, கண்ணு இருந்துச்சுல்ல எனக்கு. நான் கவனிச்சிருக்கணும்." என் பொய்யில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மலைக்காரருக்கும் போனில், தன் மூக்கு போனதையும் கொட்டையில் சாக்கு வாடை அடித்ததையும் சொன்னார். காயப்போட்ட நேரத்தில் மழை பிடித்து, ஈரச் சாக்கில் கட்டியதுதான் காரணம் என்று தெரிந்தது. அடுத்த வருடம் அவர் தரைக்கு மேலே வலை கட்டிக் காயவைத்துக் கொண்டுவந்தார். அன்பியம் முழுவதும் கூடியிருந்தது. அண்ணன் வடித்து, அத்தனை பேருக்கும் முன்னால் டம்ளரை மறுபடியும் என்னிடமே நீட்டினார். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். ஒரு மடக்குக் குடித்தேன். இன்னொரு மடக்கும் குடித்தேன். ஆரஞ்சுத் தோல் மணம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "வாங்கலாம்" என்று அறிவித்தார்.

போன வருடம் அவர் போய்விட்டார். புனலை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். மோப்பம் கடைசிவரை திரும்பவில்லை. என் பொய்யும் கடைசிவரை அவரைத் தாண்டி வெளியே போகவில்லை. இன்று காலையும் தாளை நாலாக மடித்து, வாடையைக் கழுவிக் கொட்டி, தூள் எழும்பி அடங்குகிறவரை பேசாமல் நின்றேன். சில்லுப் போன இடத்தில் ஒழுகவில்லை.

படிக்கிறவர்கள் இதை வேறு யாரிடமாவது சொல்வதாக இருந்தால், ஒரு வேண்டுதல். என்மேல் இரக்கப்பட்டு என் பொய்யைக் குறைக்க வேண்டாம். அவர்மேல் உள்ள அன்பில் எதையும் கூட்டவும் வேண்டாம். அவர் வடித்துக் கொடுத்தது போல, பால் சீனி சேர்க்காமல் அப்படியே கொடுத்துவிடுங்கள்.