எர்த் போல்ட்டின் அடியில் நீலப் பெயிண்ட்

என் கைப்பையின் உள் ஜிப்புக்குள் இரண்டு விரல் அகலத்தில் ஓர் உப்புத்தாள் துண்டு மடித்துக் கிடக்கிறது. சாவி தேடும்போதெல்லாம் விரலில் உரசும். அதைக் கொடுத்தவர் ராயப்பேட்டையில் கடை வைத்திருந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன். வயதில் என்னைவிடப் பத்து ஆண்டாவது சின்னவர். கிண்டல் இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியமும் வராது.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஞாயிறு காலைகளில் பெற்றோர்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கடல் நீச்சல் பழக்குகிறோம். அதற்காக மணலில் ஓடும் நான்கு சக்கர வண்டி ஒன்று வைத்திருக்கிறோம். ஏடிவி என்பார்கள், எங்களுக்கு அது மணல் வண்டி. யாருக்காவது ஏதாவது ஆனால் சாலைவரை கொண்டுபோக அது ஒன்றுதான். அதில் உதைத்துக் கிளப்ப வழியில்லை, இழுக்கக் கயிறும் இல்லை. பொத்தானை அழுத்தி ஸ்டார்ட்டர் சுழன்றால்தான் உண்டு. மகனைக் கடலில் விடப் பயந்துகொண்டிருந்த நான், வண்டியின் பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கினேன். கரையில் நிற்கிறவளுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஆயுத பூஜைக்கு முன், உப்புக்காற்றில் துருவேறியிருந்த அதன் சட்டத்துக்கு நானே நீலப் பெயிண்ட் அடித்தேன். பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். எதையும் அரைகுறையாக விட எனக்கு மனம் வராது. பாட்டரியிலிருந்து வந்து சட்டத்தில் முடுக்கியிருந்த கறுப்பு வயரைக்கூடக் கழற்றி, அதன் அடியிலும் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி முடுக்கினேன். சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் சாமந்திச் சரம். பூஜைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இன்னா மேடம், கல்யாணப் பொண்ணு கணக்கா கீது! மாப்ள எப்ப வராரு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சில வாரங்களில் ஆரம்பித்தது. பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலாவது முறை ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். தி. நகர் போய்ப் புது பாட்டரி வாங்கிவந்து போட்டேன். இரண்டு ஞாயிறு ஒழுங்காக இருந்தது. மூன்றாவது ஞாயிறு 'டிக்'. ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் ரிலேயை மாற்றினேன். 'டிக்'. ஓங்கி ஓர் உதைவிட்டதில் என் கால்தான் வீங்கியது. கடைசியில் அவருக்குப் போன் செய்தேன். "லைட்டு நல்லா எரியுதுல்ல? ஹாரன் அடிக்குதுல்ல? அப்பறம் பாட்டரி இன்னா மேடம் பாவம் பண்ணுச்சு? எல்லாத்தையும் மாத்திட்டு என்னாண்ட கேக்குறீங்க. ஞாயித்துக்கெழம வரேன். அதுவரிக்கும் அத்த நம்பாதீங்க."

அந்த ஞாயிறு அவர் வருவதற்கு முன்பே அழுத்திப் பார்த்தேன். மூன்று முறையும் கிளம்பியது. அணைத்துவிட்டேன். வண்டியை நம்ப வேண்டாம் என்று அவர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினார்கள்.

பதினான்கு வயது என் மகனை நீரோட்டம் முகத்துவாரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மீனவர்கள் படகை இறக்கிப் போய் அவனைத் தூக்கித் தொலைவில் மணலில் கிடத்தினார்கள். நான் வண்டியில் ஏறி அழுத்தினேன். 'டிக்'. அழுத்தினேன். 'டிக்'. எத்தனை முறை என்று இன்றும் தெரியவில்லை. சாலையிலிருந்து பையோடு வந்துகொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் ஓடிவந்தார். "ஹெட்லைட் போட்டுட்டு அழுத்துங்க." விளக்கு துளியும் மங்கவில்லை. "லைட்டுக்குத் தனி வயரு. ஸ்டார்ட்டருக்குத்தான் கரண்டே போவல. எர்த்து!" பையிலிருந்து தடித்த வயர் ஒன்றை உருவி, ஒரு முனையை பாட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் அழுத்திப் பிடித்தார். "இப்போ!" எஞ்சின் உறுமியது.

நிமிர்ந்து பார்த்தபோது மணலில் மகன் இல்லை. மீனவர்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான்கு பேர் அவனை வலையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். காலி வண்டியை ஓட்டிக்கொண்டு நான் சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆட்டோ அவனோடு கிளம்பிவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். மறுநாள் எலெக்ட்ரீஷியன் என் எதிரில் சட்டத்திலிருந்த கறுப்பு வயரின் போல்ட்டைக் கழற்றினார். வயர் உட்கார வேண்டிய இடத்தில் இரும்பே தெரியவில்லை, வழவழவென்று நீலம். கரண்ட் பாட்டரிக்குத் திரும்பும் வழியை என் பெயிண்டே அடைத்திருந்தது. "யாரு மேடம் இவ்ளோ நீட்டா அடிச்சது?" என்றார். நான்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க ஆளுங்க அடிச்சிருந்தா வயரோட சேத்து மேலயே பூசிட்டுப் போயிருப்பானுங்க. வண்டி ஓடியிருக்கும்." பிறகு உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து, இரும்பு பளபளத்ததும் மிச்சத் துண்டை என்னிடம் நீட்டினார். "வெச்சுக்கோங்க. ஆனா தெனம் தேய்க்காதீங்க, அப்பறம் சட்டமே இருக்காது."

அவர் கடையை மூடிவிட்டு மனைவியின் ஊரோடு போய்விட்டார். மகன் மறுபடி கடலில் இறங்குகிறான். தடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவன் இறங்குவதற்கு முன் போல்ட்டைக் கழற்றுகிறேன். உப்புத்தாளில் மணலெல்லாம் உதிர்ந்து அது வெறும் தாளாகிவிட்டது. இருந்தும் அதாலேயே தேய்க்கிறேன். "அம்மா, போதும்மா" என்கிறான் பின்னாலிருந்து. முடுக்கிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறேன். கிளம்புகிறது. அவன் கரையேறி என் பக்கத்தில் வந்து தலையைத் துவட்டும்வரை எஞ்சினை நான் அணைப்பதில்லை.