ஐந்து இடத்து மண்

சந்தனமேரியின் வயலில் உப்புக் களர் பூத்திருந்தது. யாரோ கோலமாவைக் கொட்டிவிட்டு அள்ள மறந்ததுபோல் கோடையில் தரை வெளுத்துக் கிடக்கும். கண்மாய்த் தண்ணீர் பாய்ந்தும் இரண்டு போகம் பதராய்ப் போகவே, புருஷன் இன்னாசி கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறினான். "மண்ணு தேறிருச்சுன்னு எழுது, மறுகப்பல்ல வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நாலு வருஷமாயிற்று. மண்ணும் தேறவில்லை, அவனும் வரவில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் கீரனூரிலிருந்து விவசாய ஆபீசர் சைக்கிளில் வந்தார். வீட்டுக்கு ஒரு துணிப்பை கொடுத்தார்.

"வயல்ல அஞ்சு எடத்துல ஒரு சாண் தோண்டி, கலந்து ஒரு படி போடுங்க. சோதிச்சு எழுதித் தாரோம். சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

ஊருக்கு அது மண் சோதனை. சந்தனமேரிக்கோ, சர்க்கார் முத்திரையோடு கண்டிக்குப் போகப்போகிற கடுதாசி. பெண்பார்க்க வருகிறவர்கள் முன்னால் கிழிந்த சேலையோடா நிறுத்துவார்கள்? பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போனாள். செல்லமுத்து போன வாரம்தான் அங்கே எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தான். அவள் குனிந்து அள்ளும்போது அவனே வந்து நின்றான்.

"என்ன மதினி, எ வயலை மூட்டை கட்டுறீங்க?"

"ஒ வயலு இங்கனயேதான் கெடக்கப்போவுது தம்பி. ஒரு படி மண்ணுதானே."

"அதுக்கில்ல. அஞ்சு எடத்துலல்ல எடுக்கச் சொன்னாரு. அங்கிட்டுப் புழுக்கை சாஸ்தி, அதுலயும் எடுங்க."

இரண்டு மாதத்தில் தாள் வந்தது. 'வளமான மண். எரு தேவையில்லை.' களர் வயல்காரர்களுக்கெல்லாம் வளர்த்துத் தழையுரமாய் மடக்கி உழக் கொழுஞ்சி விதை கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை.

மூன்று நாள் தாளை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். அனுப்பினால் இன்னாசி வந்துவிடுவான். வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே வயலுக்குப் போவான். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைப்பான், அது அவன் பழக்கம். அப்போது அவன் முகம் போகிற போக்கை நினைத்தாள். நாலாம் நாள் கீரனூருக்கு நடந்து, ஆபீசர் மேசையில் தாளை வைத்தாள்.

"இது ஆட்டுக்கிடை மண்ணுங்க. எங்க மண்ணு உப்புங்க."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். வையவில்லை. புதுப் பையும் இரண்டு படி கொழுஞ்சி விதையும் கொடுத்தார்.

இந்தத் தடவை சொந்த வயலில் ஐந்து இடம் தோண்டினாள். விரலில் ஒட்டிய மிச்சத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து, செல்லமுத்துவை ஒரே வரி எழுதச் சொல்லிக் கடுதாசிக்குள் வைத்து அனுப்பினாள். 'மண்ணு இன்னும் தேறல.'

ஐப்பசியில் இன்னாசியிடமிருந்து பதில் வந்தது. செல்லமுத்துதான் படித்தான்.

"நாக்குல வச்சுப் பாத்தேன். நம்ம மண்ணேதான். அடுத்த கடுதாசில இன்னுங் கொஞ்சம் வச்சு அனுப்பு."

"வாரேன்னு எழுதலயா?"

"இல்ல மதினி."

இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு முழங்கால் உயரக் கொழுஞ்சியை விலக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். இன்னாசி வழக்கமாகக் குந்தி மண்ணை ருசி பார்க்கும் மேற்கு வரப்போரமாய்ப் போய், ஒரு சாண் தோண்டினாள்.