பந்தும் வில்லும் பிடித்த கை

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று அம்மா சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். ஆனால் நம் வீட்டு விசேஷங்களில் எல்லாம் அடிபடும் அந்தச் சிதம்பரம் கச்சேரிக் கதையை இன்று நான் சரியாகச் சொல்லியாக வேண்டும்.

அக்கா கடலூர் முதுநகரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஏழு வயதில் வயலின் கைக்கு வந்தது, பள்ளியில் வாலிபால் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் அவர் விடவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றார், அதற்கும் திட்டு வாங்கினார். உடற்கல்வி ஆசிரியை ஆன பிறகு விடியற்காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாணவிகளோடு ஓட்டம், குளித்ததும் ஒரு மணி நேரம் வயலின் சாதகம், ஞாயிறு தோறும் சிதம்பரத்தில் குருவிடம் பாடம். தம்பியான நான் மிருதங்கம் வாசிப்பவன். மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். "உக்காந்து வாசிக்கிறதுக்கும் ஒடம்பு வேணும்டா, நாலு ரவுண்டு ஓடலாம் வா" என்பார். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன்.

அம்மாவுக்கு மைதானம் பிடிக்கவே இல்லை. "ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு நிக்காத. பந்து பட்டு வெரலு போச்சின்னா வயலினும் போச்சி." குருவும் அதையே சொன்னார். கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: சிதம்பரத்தில் நடக்கும் முதல் தனிக் கச்சேரியில் பந்தால் ஒரு சின்னக் குறை வந்தாலும், பள்ளி வேலை நேரம் தவிர அக்கா மைதானத்தை விட்டுவிட வேண்டும். அக்கா ஒப்புக்கொண்டார்.

கச்சேரி அன்று காலையில் அவருடைய மாணவிகளுக்கு இறுதி ஆட்டம். வலைக்கு மேல் பந்தை எப்படித் தடுப்பது என்று காட்டப்போய், இடது கை மோதிர விரலில் அடிபட்டுவிட்டது. அவருக்கு மிருதங்கம் நான்தான். சிதம்பரம் போகும் பஸ்ஸில் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும்தான் நான் பார்த்தேன். விரல் நன்றாக வீங்கியிருந்தது.

"என்னாக்கா இது? கச்சேரி வேணாம்னு சொல்லிடலாம்."

"கம்முனு இரு. முன் சீட்டுல அம்மா இருக்காங்க."

"எப்படி வாசிப்ப?"

"ரெண்டு வெரலு இருக்குதில்ல? நீ தாளத்தப் பாரு, என் கையப் பாக்காத."

மேடையில் நான் கையைத்தான் பார்த்தேன். அக்கா அந்த விரலை ஒதுக்கிவிட்டு, மற்ற விரல்களால் இழைத்து இழைத்து வாசித்தார். அவர் நெற்றியில் வியர்வைகூட இல்லை, என் சட்டை நனைந்துவிட்டது. மிருதங்கம் தனியாக வாசிக்கும் இடம் வந்தபோது எனக்குக் கை சோர்ந்து மூச்சு இரைத்தது. தாளத்துக்கு ஒரு தட்டு முன்னதாகவே முடித்துவிட்டேன். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்காமல் நான் முடித்த இடத்திலேயே பாட்டை எடுத்தார். உடனே நிறுத்தி, சரியான இடத்தில் மறுபடி தொடங்கினார். கேட்டவர்களுக்கு வயலின் தடுமாறியதாகத்தான் தெரிந்தது. கண்டுபிடித்திருக்கக்கூடிய குரு அன்று உடம்பு சரியில்லாமல் வரவில்லை.

கச்சேரி முடிந்ததும் அம்மா விரலைப் பார்த்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேனில்ல?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் குனிந்து மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா, வெரலுதான்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் தனியாக இருந்தபோது, உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "அடுத்த வாரம் பெரிய பாடகரோட வாசிக்கப் போற. தாளம் தப்புனவன்னு பேரு வந்தா யாரு கூப்புடுவாங்க? அப்பறமா சொல்லிக்கலாம்" என்றார். அந்த அப்புறத்தை நான் வரவே விடவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

திங்கட்கிழமையே வாலிபால் அணியை இன்னொரு ஆசிரியையிடம் ஒப்படைத்தார். அதன் பிறகும் விடியற்காலையில் விழித்துவிடுவார். ஷூவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வயலினை எடுப்பார். புற்றுநோய் வந்து வயலினைத் தூக்க முடியாமல் போன நாட்களில், சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் பத்து அடி நடந்தார்.

அந்த மாதங்களில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்து வந்து பக்கத்தில் இருந்த பழைய மாணவிகளுக்கும், வாராவாரம் சிதம்பரத்திலிருந்து வந்து போன குருவுக்கும், சாப்பாடு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும் நன்றி. உங்களுக்கெல்லாம் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அன்று தவறியது அக்காவின் விரல் இல்லை, என் கை. இதை அம்மாவும் இந்த மலரில்தான் முதன்முறையாகப் படிக்கப்போகிறார். அம்மா, அக்கா மைதானத்தை விட்டிருக்க வேண்டியதே இல்லை.