புழுவுக்கு மணி சொன்ன பைத்தான்

எங்கள் வீட்டுப் பட்டுப்புழுக்களுக்காகப் பைத்தானில் நிரல் எழுதியபோது நான் ஏழாம் வகுப்பு. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் எழுதிய முதல் நிரலை நம்பி யாரும் தீர்த்தமலைக்குப் பஸ் ஏறியதில்லை.

அக்கா பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை, அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து நான் எடுத்துவிடுவேன். அவளுடைய நோட்டைப் பார்த்துத்தான் படித்தேன். பிரிண்ட் போட்டால் நாம் சொன்னதை அப்படியே திரையில் காட்டும். இன்புட் போட்டால் நம்மைக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும். சொன்ன பதிலை ஒரு பெயரில் எடுத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மாறி என்று பெயர். இஃப் என்றால், இப்படி இருந்தால் இதைச் செய். வொயில் என்றால், நிறுத்தச் சொல்லும்வரை செய்துகொண்டே இரு.

நிறுத்தச் சொல்ல மறந்தால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டேன். திரை முழுக்க என் பெயர் நிற்காமல் ஓடியது. அக்கா ஈரத்தலையோடு ஓடிவந்து, "லேப்டாப்ப கெடுத்துப்புட்டியாடி!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கு வலிக்கவே இல்லை. அந்த வீட்டில் கடைக்குட்டி சொன்னதை ஆட்டுக்குட்டிகூடக் கேட்காது, இது கேட்டது. சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் தீர்த்தமலையில் இருக்கும் சித்தி மகளின் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. அம்மா அதை டிவி மேல் வைத்தாள். விசேஷம் வரும் நாளெல்லாம் எங்கள் வீட்டில் புழு இருக்கும். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் மல்பெரி இலை போட்டாக வேண்டும். தவறினால் புழு கட்டும் பட்டுக்கூடு மெலிந்துபோகும். அதனால் அம்மா எங்கேயும் போகமாட்டாள். இதற்கும் போகமாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். லேப்டாப் மணி கேட்கும். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று தட்டினால் "இலை போடு" என்று காட்டும். வேறு எதைத் தட்டினாலும் "பொறு". அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தட்டிக் காட்டினேன்.

அம்மா முகத்தை வெகு கவனமாக வைத்துக்கொண்டு பார்த்தாள். "அப்ப நான் தைரியமா போவலாங்கற?"

"போம்மா. இது பாத்துக்கும்."

"செரி கண்ணு. உன்ன நம்பித்தான் போறேன்."

காதுகுத்து அன்றைக்கு விடிந்ததும் ஒரு வேளை இலையைப் போட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் பொம்மிடியில் பஸ் ஏறிவிட்டார்கள். இலை வாடாமல் மூடிவைக்கும் ஈரச்சாக்குக்குள் ஒரே ஒரு கட்டுதான் இருந்தது. அவசரத்தில் அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தட்டினேன். "இலை போடு." புழு மனைக்குள் போய் ஒரு கை இலையைத் தூவினேன். இலை தின்னும் சத்தமே இல்லை. அத்தனை புழுவும் தலையைத் தூக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தன. செத்துவிட்டனவோ என்று குனிந்து பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: தோல் உரிப்பதற்கு முன் புழு தூங்கும். தூங்கும் புழுவுக்கு இலை போடக் கூடாது.

"அக்கா, இது இலை போடச் சொல்லுதே!"

"நீ எழுதுனதுதான? நீயே கேளு."

கேட்க என்ன இருக்கிறது? தூக்கத்தைப் பற்றி நான் அதற்குச் சொல்லவே இல்லையே. போட்ட இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன். "புழு தூங்குதா?" என்று இன்னொரு கேள்வி, அதற்கு இன்னொரு இஃப். "ஆமா" என்று தட்டினேன். "சும்மா இரு" என்றது. நான் கட்டிலின் மேல் ஏறிக் குதித்தேன். படித்த இஃப் என்னுடைய இஃப் ஆனது அந்த நிமிடத்தில்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம், குழந்தையின் அழுகை. "அம்மா, புழு தூங்கிடுச்சு! நான் இலை போடல!"

"அப்புடியா! கெட்டிக்காரி. கதவோரம் டின்னுல சுண்ணாம்புத் தூள் எடுத்து வச்சிருக்கேன், அக்காவத் தூவச் சொல்லு, படுக்கை காயட்டும்." பிறகு அங்கே யாரிடமோ, "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல எழுதி வச்சுட்டா, அதான் வந்தேன்" என்று சொல்வது கேட்டது.

அந்தப் போகத்தில் கூடு நன்றாக வந்தது. என் பெருமைக்குக் கேட்கவேண்டுமா? தனியாக ஒரு பைத்தான் நோட்டே போட்டுவிட்டேன். தீர்ந்துபோன மாதக் காலண்டர் தாளில் அம்மா அதற்கு அட்டை போட்டுத் தந்தாள்.

போன மாதம் அந்த நோட்டு கையில் கிடைத்தது. அட்டை பிரிந்து தாளின் உள்பக்கம் தெரிந்தது. முட்டை பொரிந்த தேதியிலிருந்து அம்மா ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம், மூன்றாம் தூக்கம். கடைசித் தூக்கத்தின் தேதியைச் சுற்றிப் பெரிய வட்டம், அதற்குள்ளேயே, "காதுகுத்து". பத்திரிகைக்கு முன்பே தேதி தெரிந்து, முட்டை வாங்கும்போதே கணக்குப் போட்டிருக்கிறாள். அப்போது எனக்குப் பிரிண்ட்கூடத் தெரியாது.

இலையே வேண்டாத ஒரு நாளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, தீர்த்தமலை முழுக்க என் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் அம்மா.