தணலும் திரை அட்டையும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: "அடுப்ப அணைச்சவ அடுத்த வீட்டுக்கு அலைவா." லிந்துலைக் குளிரில் ஈர விறகோடு விடியுமுன் மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் அருமை புரியும். தணலைச் சாம்பலால் மூடி வைப்போமே தவிர, அணைக்க மாட்டோம். அந்த நல்ல பழக்கம்தான் லினக்ஸ் விஷயத்தில் என்னை இரண்டு நாள் கிறுக்காக்கியது.

இரண்டாயிரங்களின் கடைசி. நான் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஹட்டனில் போனும் இன்டர்நெட்டும் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்கு நின்றபோது கம்ப்யூட்டரை நானே தட்டித் தட்டிப் பழகியிருந்தேன். அதைக் கேள்விப்பட்டு, மாதா கோயில் ஃபாதர் ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். மண்டபத்தில் லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு புரொஜெக்டரும் இருந்தன.

"இருக்கிறது ஒன்னு, படிக்க வர்றது இருபது பேரு. சுவத்துல பெருசா காட்டித்தான் சொல்லிக்கொடுக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள படத்த விழ வச்சிட்டா வகுப்பு உனக்குத்தான் மகள். இல்லாட்டி கொழும்புல இருந்து ஆள எடுக்க வேண்டியதுதான்."

"விழும் ஃபாதர்" என்றேன். எப்படி என்று தெரியாது. ஆனால் விழும் என்று தெரியும்.

அம்மா வேறு தவணை வைத்தார். "ஒரு வாரத்துக்கு தோட்டத்துப் பேருப் பொஸ்தகத்துல ஒன் பேர வெட்டாதீங்கன்னு கண்டாக்கு ஐயாகிட்ட கெஞ்சி வச்சிருக்கேன். திங்கக்கிழம ஒன்னு சோக்கத் தூக்கு, இல்ல கூடையத் தூக்கு. ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலு ஆகாதுடி."

கம்ப்யூட்டரின் திரையில் படம் வந்தது, புரொஜெக்டரில் வரவில்லை. உள்ளே இருந்த திரை அட்டைக்கு, அதாவது படம் வரைந்து அனுப்பும் அந்தத் தகட்டுக்கு, லினக்ஸோடு கூடவே வந்த டிரைவர் என்ற ஓட்டும் மென்பொருள் போதாது, அட்டை செய்தவர்களுடைய டிரைவரைப் போட வேண்டும் என்று விளங்கியது. செவ்வாயன்று ஹட்டனுக்குப் பஸ் ஏறி, பழைய கடையிலேயே இன்டர்நெட்டிலிருந்து அதை இறக்கிப் பென்டிரைவில் போட்டு, செய்முறையையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை அதை ஓட்டினேன். திரை கறுத்து, வெள்ளை எழுத்து மட்டும் நின்றது. ஃபாதர் எட்டிப் பார்த்தார். "இருந்ததும் போச்சா?"

"போகல ஃபாதர். பேசுது. நமக்குத்தான் விளங்கல."

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பழைய டிரைவர் அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது இருக்கும்வரை புதியது உள்ளே வர முடியாது என்றது. ஃபாதரிடம் சொன்னேன். "ஒரு ஒறைக்குள்ள ரெண்டு கத்தி" என்று தலையாட்டிவிட்டுப் பூசைக்குப் போனார். கொப்பியில் இருந்தபடி, பழையதை இனி ஏற்றாதே என்று ஒரு கோப்பில் எழுதிச் சேமித்தேன். மறுபடி ஓட்டினேன். அதே பதில். வியாழன் முழுக்க அதே பதில்.

வியாழன் மாலை அம்மா கொழுந்து மலையிலிருந்து பொருமிக்கொண்டே வந்தார். காலையில் பேர் கூப்பிட்டுத் தேயிலை நிரை பிரிக்கும் பெரட்டில் இடம் பிடித்த ஒருத்தியோடு தகராறு. "அந்தச் சிறுக்கிக்கு வேற மலைன்னு கண்டாக்கே சொல்லிட்டாரு. ஆனா காலைல பெரட்டுலேயே நல்ல நெரயப் புடிச்சிட்டா. நடுவுல எறங்கச் சொன்னா எறங்குவாளா? நாளைக்குப் பெரட்டுல பாத்துக்கங்கன்னு சிரிக்கிறா!"

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். கொப்பியைப் புரட்டினேன். நான் எழுதிய உத்தரவுக்கு அடுத்த வரியில், என் கையெழுத்திலேயே, 'அணைத்து மீண்டும் போடவும்' என்றிருந்தது. நான் அணைக்கவே இல்லை. திங்கட்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டது முதல், திரையை மட்டும் நிறுத்தி, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு வந்துகொண்டிருந்தேன். தணலை மூடுவதுபோல. பழைய இயந்திரம், அணைத்தால் திரும்பப் பற்றாது என்ற பயம். பழைய டிரைவரும் அந்தச் சிறுக்கி மாதிரிதான்: போட்டதும் அட்டையைப் பிடித்தவன் அணைக்கும் வரை பிடித்துக்கொண்டுதான் இருப்பான். உத்தரவு அடுத்த பெரட்டுக்குத்தானே!

வெள்ளிக்கிழமை காலை, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அணைத்தேன். காற்றாடிச் சத்தம் நின்றது. பத்து வரை எண்ணிவிட்டுப் போட்டேன். பற்றியது. டிரைவரை ஓட்டினேன், இந்த முறை முணுமுணுப்பில்லாமல் ஏறியது. திரும்பவும் அணைத்துப் போட்டு, புரொஜெக்டரின் கண்ணைத் திறந்தேன். சுண்ணாம்புச் சுவர் நீலமாகியது.

அந்திக் கொழுந்து நிறுவையை முடித்துவிட்டு, பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கு இடுப்பில் இருக்க, அம்மா மண்டப வாசலில் வந்து நின்றார். சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு பெருசாவாடி வரும்?"

"இன்னும் பெருசாக்கலாம்மா."

"வேணாம், சுவரு பத்தாது" என்றார். பிறகு, போகிற போக்கில், "கண்டாக்கு ஐயாவப் பாத்துட்டு வாறேன். பேர வெட்டச் சொல்லணும்" என்றார்.

திங்கட்கிழமை இருபது பேர் வந்தார்கள். தொடங்குவது எப்படி என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் பாடம், அணைப்பது.